காத்தாயி குந்திய நாற்காலி

செஞ்சிக் கடைவீதியில் இளையபெருமாள் ஆசாரியின் வாய்க்கும் உளிக்கும் கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. "நான் செய்ற நாற்காலி வாயத் தொறந்து பேசும்" என்பார். தலைக்கனம்தான். ஆனால் வேலை அதற்கு ஈடு கொடுத்தது.

1964இல் விமலநாத நயினாரின் மகள் சந்தனா டாக்டருக்குப் படித்து வந்து, அப்பாவின் நெல் மண்டிக்குப் பக்கத்திலேயே வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் உட்கார ஒரு நாற்காலி கேட்டார். ஆசாரி தேக்கில் கைப்பிடி வைத்து, முதுகை உயர்த்தி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு போட்டுக் கொடுத்தார்.

சேரியிலிருந்து காத்தாயி நடந்தே வந்தாள். ஏழு மாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. போன பிள்ளையை இப்படித்தான் பறிகொடுத்திருந்தாள்.

"குந்தும்மா" என்றார் டாக்டர்.

செஞ்சியில் அந்தச் சொல் நாற்காலிக்கும் செல்லும், தரைக்கும் செல்லும். காத்தாயி தரையில் குந்தினாள். எழுவதற்குள் படாத பாடு பட்டுவிட்டாள். இந்த அவதிக்குப் பயந்தே வராமல் நின்றுவிடுவாளோ என்று டாக்டருக்குக் கவலை பிடித்தது.

"ஆசாரி, உங்க நாற்காலி இன்னா பேசுதுன்னு வந்து கேளுங்க."

வந்து பார்த்தவருக்குச் சுருக்கென்றது. தாலுகா கச்சேரியில் அதிகாரி உட்காரப் பார்த்த நாற்காலியை அப்படியே செய்து வைத்திருந்தார். அதில் போய் அவள் எப்படி உட்காருவாள்?

கைப்பிடியில்லாமல், மெருகில்லாமல், தாழ்வாக, கட்டில் கயிற்றைப் பின்னி வேறொன்று செய்தார். அடுத்த வாரம் காத்தாயி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எனக்குன்னு தனியா செஞ்சீங்களா சாமி?"

"உனக்குன்னே செஞ்சது" என்றார் ஆசாரி பெருமையாக.

"டீக்கடையிலயும் எங்களுக்குத் தனி கிளாஸ்தான்" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் குந்தினாள்.

ஆசாரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. அதே அளவில், அதே கயிற்றில் இன்னொன்று செய்தார். தேக்கு நாற்காலியையும் டாக்டரின் பழைய நாற்காலியையும் தோட்டத்துப் பக்கம் தள்ளிவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டார்.

"நான் எதுல உக்கார்றது?" என்று கேட்டார் டாக்டர்.

"எது காலியா இருக்குதோ அதுல, டாக்டரம்மா."

"இப்பவும் தரையில குந்திட்டா?"

"குந்த மாட்டா."

செவ்வாய்க்கிழமை டாக்டர் கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது, காத்தாயி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அது டாக்டரின் இடம். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததில் அவளுக்குப் பக்கம் தெரியவில்லை.

டாக்டர் நிற்பதைப் பார்த்து, காத்தாயி எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"ஏம்மா நின்னுக்கினே இருக்கிற? குந்து."

டாக்டர் குந்தினார்.