தலையில் கட்டிய மரியாதை

ஒரு முழத் துணியைத் தலையில் கட்டிக்கொள்வதற்காக, ஐம்பது தாண்டிய வயதில், மலிவாகக் கிடைத்த கறுப்புச் சாயத்தை வாங்கித் தலையில் அப்பிக்கொண்டேன். போட்டோ எடுப்பார்களே.

துணி என்றால் பரிவட்டம். தாராசுரம் தாண்டி இருக்கும் எங்கள் ஊர்த் திருவிழாவில், சாமி புறப்படும் முன், சாமிக்குச் சாத்திய துணியைக் குருக்கள் எங்கள் குடும்பத்து மூத்தவர் தலையில் கட்டுவார். இதற்குப் பெயர் மரியாதை. பெரியப்பா இருந்தவரை தகராறு இல்லை. அவர் போனதும், மூத்தவர் யார் என்ற கேள்வி வந்தது. வயதில் நான். கிளையில் பெரியப்பா மகன். என்னைவிட ஒரு மாதம் இளையவன். அவன் வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பளபளவென்று வந்து முன்னால் நின்றான்.

எனக்குப் படிப்பு கொஞ்சம் அதிகம், அடக்கம் கொஞ்சம் குறைவு. அகராதியைப் புரட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். வடமொழியில் மர்யாதா என்றால் எல்லை, கரை என்று பொருள். கரைக்குள் ஓடும்வரைதான் ஆறு, தாண்டினால் வெள்ளம். அந்த எல்லையைத்தான் நம் ஆட்கள் தமிழுக்குக் கொண்டுவந்து கும்பிடாக்கி, பிறகு துணியாக்கினார்கள். நல்ல சொல். அதைக் கூட்டத்துக்கு நடுவே அவன் முகத்தில் எறிந்தேன்.

"மரியாதைன்னா எல்லைன்னு அர்த்தம்டா. உன் எல்லையில நில்லு."

"சரிண்ணே. வருஷா வருஷம் நடுவரப்பைச் செதுக்கிச் செதுக்கி என் வயலுக்குள்ள வர்றீங்களே, அது எந்த அகராதி?"

நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். சாமியைத் தோளில் சுமந்து நின்றவர்களில் ஒருவர், "ஐயா, யாராவது ஒருத்தர் கட்டிக்குங்க, தோள் கழலுது" என்றார். சாமியையும் அவர்களையும் வெயிலில் நிறுத்திவைத்து நாங்கள் குரைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்று வயிற்றைக் குமட்டுகிறது. அன்று அதற்காகக் குமட்டவில்லை.

"சூடம் அணையறது, ரெண்டு பேரும் வாங்கோ" என்றார் குருக்கள். துணி ஒன்றுதான். முதலில் அவன் தலையில் கட்டினார். பிறகு அவிழ்த்து என் தலையில்.

அப்போதுதான் குமட்டியது. வியர்வையும் சந்தனமும் பிசுபிசுத்த ஈரத்துணி நெற்றியில் இறுகியது. அவன் மண்டைச் சூடு அதில் இன்னும் இருந்தது. அவிழ்த்து எறிந்திருக்கலாம். இரண்டாவது ஆளாகத்தான் என்றாலும் நெஞ்சை நிமிர்த்தி நாலு வீதியும் நடந்தேன். கறுப்பாக ஏதோ மூக்கின் மேல் வழிந்து வாயோரம் வந்து கசந்தது. போட்டோவுக்குச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் துணியை எலிவாலைப் பிடிப்பதுபோல் விரல்நுனியில் தூக்கி மனைவியிடம் காட்டினேன்.

"பாரு, அவன் தலை அழுக்கை! கறுப்பு கறுப்பா. சீ!"

அவள் துணியைப் பார்த்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள்.

"மொட்டைத் தலையில ஏதுங்க கறுப்பு? போய்க் குளிங்க."