அவுட்பாக்ஸில் கிடந்த பழைய ரிப்போர்ட்டுகள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேஜையில் பல வருடங்களாக அவள்தான். ரிப்போர்ட்டுகளை மெயிலில் அனுப்புவது அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் 'மெயில் அக்கா'. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் தட்டிக்கொட்டி அவளே சரிசெய்துவிடுவாள். வீட்டில் மிக்ஸி முனகினாலும் கணவர் அவளைத்தான் கூப்பிடுவார்.

அன்று காலை கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடந்ததால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. கரண்ட் வந்த பிறகு மெயில் மட்டும் மறுத்தது. திறக்கும், திரை வெளுக்கும், அப்படியே உறைந்துவிடும். மூடித் திறந்தாள். சேஃப் மோடில் பார்த்தாள். ரிப்பேர் செய்யும் புரோகிராமை ஓடவிட்டாள். அதுவும் பாதியில் படுத்துவிட்டது. மெயில்கள் இருக்கும் ஃபைலே கெட்டுப்போயிருந்தது. டெக்னீஷியன் போனை எடுக்கவில்லை. ரிப்போர்ட்டுக்காக எதிரே நின்ற ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

போன வருடம் இதே கம்ப்யூட்டர் படுத்தபோது எடுத்துவைத்த மெயில்களின் பழைய பிரதி பென்டிரைவில் இருந்தது. கெட்ட ஃபைலை ஓரங்கட்டிவிட்டு அதைப் போட்டாள். மெயில் பளிச்சென்று திறந்தது. ஏதோ வரிசையாக அனுப்பப்படுவதாகத் திரையின் அடியில் காட்டியது. போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்ததும் போன் அடித்தது. கல்லூரி மாணவி ஒருத்தி, தான் இப்போது ரத்தமே கொடுக்கவில்லையே, எப்படி ரிப்போர்ட் வந்தது என்று கேட்டாள். அடுத்து, பின்தெருத் தையல்காரர்.

"அம்மா, என் வீட்டுக்காரி பேர்ல ரிப்போர்ட் வந்திருக்கு. அவ போன வருஷமே போய்ட்டாம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனை வைக்காமலே நெட் வயரைப் பிடுங்கினாள். பிறகுதான் அனுப்பக் காத்திருக்கும் மெயில்கள் நிற்கும் அவுட்பாக்ஸைப் பார்த்தாள். போன வருடம் போகாமல் சிக்கி நின்ற ரிப்போர்ட்டுகள் பழைய பிரதியோடு வந்திருந்தன. அப்போதே அவற்றைக் காகிதத்தில் கொடுத்திருந்தார்கள். இப்போது முக்கால்வாசி மெயிலிலும் போய்விட்டன.

பொதுவாக ஒரு மன்னிப்பு மெயில் போட்டால் போதும் என்றார் நிலையத்தை நடத்தும் டாக்டர். தையல்காரருக்கு மட்டும் அவளால் அப்படிச் செய்ய முடியவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரிலேயே போனாள்.

கழுத்தில் அளவு டேப்போடு அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். திட்டுவார் என்று பார்த்தாள். அவர் செல்போனை நீட்டினார்.

"இதுல எல்லாமே நார்மல்னு போட்டிருக்கே. அப்புறம் எப்படிம்மா செத்தா?"

தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்திருந்த மனைவியின் படத்தை அவளால் பார்க்க முடியவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுப் பேச வைத்தாள். மாரடைப்பில் போனாள் என்று தையல்காரர் சொன்னதும், அது சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் எடுத்த டெஸ்ட், இதயக் கோளாறு அதில் தெரியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்டு முடித்துத் தையல்காரர் தலையாட்டினார். ஒரு வருடமாக யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்றார்.

வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொது மெயில் போதாது என்று, பழைய ரிப்போர்ட் போன மிச்சப் பேர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள்.