ஏழாவது கேள்வி

முதுகலைப் படிப்பின் அறிமுக நாளுக்கு யாரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. இதை எங்கள் அப்பாவுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் பட்டத்துக்குச் சேர்ந்தபோது வாளி, தலையணை, உடுப்பு மாட்டும் கம்பி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடும்பமே வேனில் போனது. இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்து, முதல்நாள் சாயங்காலமே சட்டையை இடது கையால் தேய்த்து மாட்டி வைத்திருந்தார்.

“நானும் வந்தா என்னம்மா? பின்னால உக்காந்துக்கிறேன்.”

“இது மீட்டிங் மாதிரிப்பா. யாரும் வர மாட்டாங்க லா.”

முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் காலையில் என் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்தார். திகாம் பத்து என்ற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் நின்று, எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார்.

“மூடி இருக்கான்னு பாத்துட்டு மேசின்ல கை வை.”

நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தவளுக்கு இதைச் சொல்லவேண்டுமா என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை.

அப்பா ஒரு ரப்பர் ஆலையில் வேலை செய்தார். கட்டி ரப்பரை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக அழுத்தும் மேசின் அவருடையது. கை உள்ளே போகாதபடி உருளைகளுக்கு முன்னால் ஓர் இரும்பு மூடி உண்டு. அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒருநாள் காலையில் ஆள் விட்டு அதைக் கழற்றினான். அன்று மதியம், மடங்கிப்போன தகட்டைச் சரிசெய்யப் போன அப்பாவின் வலது கை மணிக்கட்டுவரை போய்விட்டது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. விசாரணை முடிந்து மலாயில் வந்த ஒரு பக்கக் கடிதத்தை அவருக்குப் படித்துச் சொன்னது நான்தான். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “அப்படியேவா போட்டுட்டாங்க?” என்று மட்டும் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் தோம்பு கொண்டுவருபவரானாலும், மூடியின் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. கல்யாண வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டார். பலர் பார்க்க இடது கையால் சாப்பிட வேண்டுமே என்று பந்தியில் உட்காரவே மாட்டார். அம்மாதான் அவருக்குச் சோற்றைப் புங்குஸ் கட்டிக்கொண்டு வருவார். நான் இந்தத் துறையை எடுத்ததே ஒரு வீம்பில். அப்பா சொன்னதுதான் சரி என்று ஒருநாள் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அறிமுக நாளில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் பாலிங்கிலிருந்து வந்த தம்பி ஒருவர். என்னைத் தவிர அங்கே தமிழ் பேசியது அவர் மட்டும்தான். காலை முழுவதும் யார் யாரோ பேசினார்கள். அச்சு இயந்திரத்தின் கடவுச்சொல்லைத் தவிர எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. மதியச் சோற்றுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொக்கிய நேரத்தில், ஆய்வுக்கூடப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நிதானமாகப் பேசும் நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

திரையில் ஒரு விபத்துப் படம் போட்டார். ஆலையின் பெயர் இல்லை. வடக்கே ஒரு ரப்பர் ஆலை, ஆண் தொழிலாளி, அவ்வளவுதான். பச்சைச் சாயம் அடித்த மேசின். அதன் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தது. மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாது என்று அம்மா அப்பாவின் துண்டுகளில் மூலைக்கு மூலை சிவப்பு நூலால் கூட்டல் குறி தைப்பார். அந்தக் கூட்டல் குறி திரையில் என் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது.

“இவர் செய்த தவறு என்ன?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

பாலிங் தம்பி சட்டென்று கை தூக்கி, “மேசினை நிறுத்தாமல் கை விட்டார்,” என்றார்.

“சரி.”

“பழகிய வேலைதானே என்ற மெத்தனம்,” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“மிகச் சரி.”

நானும் கை தூக்கினேன். மூடி எங்கே என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். அதிகாரி குறிப்பைப் புரட்டினார்.

“நல்ல கேள்வி. தொழிலாளியே கழற்றிவிட்டதாக அறிக்கை சொல்கிறது.”

அந்த அறிக்கையை எங்களுக்கு யாரும் காட்டியதில்லை. ஆனாலும் ஒரு நொடி நான் அதை நம்பினேன். ஒருவேளை அப்பாதான் கழற்றியிருப்பாரோ என்று நினைத்தேன். ஆறு வருடமாக அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள், முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வரி படித்ததும் அப்படி நினைத்தேன். அந்த நொடிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது என் அப்பா என்று எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று அந்த வாய் எங்கே போனதோ தெரியவில்லை.

கடைசியில் கைப்பேசியில் ஒரு சோதனை. பத்துக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் ஆய்வுக்கூட அட்டை கிடைக்கும். இரண்டு வாய்ப்பு, தவறினால் அடுத்த பருவம்வரை மேசின் பக்கம் போக முடியாது. ஏழாவது கேள்வி, படத்தில் பார்த்த விபத்துக்கு முதன்மைக் காரணம் எது என்று கேட்டது. பாதுகாப்பு மூடி இல்லாதது என்ற பதிலைத் தொட்டேன். பத்துக்கு ஒன்பது வந்தது.

இரண்டாம் முறை ஏழாவதுக்கு வந்ததும் விரல் மூடி என்ற பதிலைவிட்டு நகரவில்லை. தம்பி எட்டிப் பார்த்தார்.

“அது இல்லக்கா. மூணாவது லா.”

மூன்றாவது, தொழிலாளியின் கவனக்குறைவு. தொட்டேன். பத்துக்குப் பத்து. பதினேழு வயதில் அந்த வரியைப் படித்துத்தான் காட்டினேன். இப்போது நானே அதை ஒத்துக்கொண்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். முதல்நாள் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையை இடது கையில் ஏந்தி, படத்தைப் பார்த்தார்.

“பரீட்ச வச்சாங்களா?”

“வச்சாங்கப்பா. பாதுகாப்பு பத்தி. பத்துக்குப் பத்து.”

“மூடி பத்தி கேட்டாங்களா?”



“கேட்டாங்கப்பா.”

“நீ என்னம்மா போட்ட?”

“மூடி இல்லாததுதான் காரணம்னு போட்டேன்.”

அப்பா அட்டையை விடாமலே, அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

“கேட்டியா? அதுக்குத்தான் முழு மார்க் குடுத்திருக்காங்க. படிச்சவங்களுக்குத் தெரியுது லா.”