நிறுத்துப் பார்த்த சோறு

சத்துணவு வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோறு போட ஆரம்பித்த பிறகு, பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைப்பது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. டிகிரி முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் கல்யாணப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்த நான், வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்று அதில் சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். ஒரு வீட்டுக்குத் தொடர்ந்து மூன்று நாள் காலையில் போகவேண்டும். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே தராசோடு உட்கார்ந்து, உலையில் போடுவதையெல்லாம் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்தவள் அடுப்படியில் தராசை வைத்துக்கொண்டு உட்காருவதைவிட அசிங்கமான வேலை உண்டா? முதல் நாளே எனக்கு உடம்பு கூசிப்போயிற்று.

எனக்கும் கூட வந்த பெண்களுக்கும் கொடுத்தது அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு தெரு. அதில் ஒரு அக்கா. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, எப்போதாவது வருவான். அவளுக்கு மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி. பிள்ளைகள் இரண்டு, இரண்டும் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுபவை.

முதல் நாள் அவள் வெள்ளை வெளேரென்று அரிசிச் சோறு ஆக்கினாள். முட்டை வேறு. இரண்டாம் நாளும் அதே. கூட வந்த பெண்கள் போன பக்கத்து வீட்டிலும் அதே அரிசி, எதிர்வீட்டிலும் அதே அரிசி. நான் என்ன பச்சைக் குழந்தையா? தெருவே சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் எந்த வீட்டுக்குப் போகிறோமோ அந்த வீட்டுக்கு முன்கூட்டியே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பிள்ளைகள் தட்டைப் பார்ப்பதும் அம்மா முகத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தன. கை வைக்கலாமா என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியின் வாயைப் பிடுங்கியதில் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லாத வீடு என்று நாங்கள் எழுதிவிட்டால், சர்க்கார் வண்டி வந்து பிள்ளைகளை அநாதை விடுதிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுமாம். எவன் கிளப்பிவிட்டானோ, நாசமாய்ப் போக! ஆனால் தராசும் கையுமாக வந்து, முதல் கேள்வியாகப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

எனக்கோ வேறு பயம். இந்த அரிசியை அப்படியே எழுதிக்கொண்டு போனால், வீட்டிலேயே இப்படிச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சோறு எதற்கு என்று மேலே யாராவது கேட்டுவிட்டால்?

மூன்றாம் நாள் தராசைப் பையிலிருந்து எடுக்காமலே அவள் எதிரில் உட்கார்ந்தேன். பிள்ளைகளை யாரும் தொடமாட்டார்கள், பொய்யை எழுதினால்தான் அவர்கள் வயிற்றில் அடித்ததாகும் என்று சொல்லிக் கெஞ்சினேன். அவள் எழுந்துபோய், பிள்ளைகள் தூரத்தில் விளையாடுகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ராவுல அடுப்பே எரியறதில்லமா. காலையில இருந்தா கேவுரு கூழு. இஸ்கூல்ல துன்றாங்களே, அத்தோட சரி," என்றாள். "பசங்கள இட்டுக்கினு போயிட மாட்டாங்களே?"

என் தலைமேல் சத்தியமாக மாட்டார்கள் அக்கா என்றேன். அவள் அரிசியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பானையை வழித்துக் கேழ்வரகு மாவை எடுத்தாள். நிறுத்தேன். நிறுக்க அதில் ஒன்றுமே இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் கோயில் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். குரலை உயர்த்தாத மனிதர். இரண்டு நாள் அரிசி, ஒரு நாள் கூழ், இதில் எது பொய் என்று கேட்டார். தெருவின் மூட்டையைப் பற்றியும் அநாதை விடுதிப் பேச்சைப் பற்றியும் எல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

காலையில் ஜீப்பில் ஏறிய பிறகுதான் மெதுவாகச் சொன்னார். முறைப்படி நேற்றே பள்ளிக்கூட ஆயாவிடம் சொல்லியனுப்பிவிட்டாராம்: பெரிய சார் ஜீப்பில் வருகிறார், அந்த இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் தயாராக வைத்திருக்கட்டும்.

சர்க்கார் வண்டி வருகிறது என்பதைத் தவிர அவள் காதில் அது வேறு எப்படி விழுந்திருக்கும்? வேகமாகப் போகச் சொல்லி டிரைவரை விரட்டினேன். பௌர்ணமிக் கூட்டம் வேறு, கிரிவலப் பாதையில் வண்டி ஊர்ந்தது. நேரம் ஆக ஆக நான் சாரைத் திட்டினேனா, என்னையே திட்டிக்கொண்டேனா, தெரியவில்லை.

வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகளோடு விடியலில் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள், பெங்களூருக்கு, என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் எந்தக் கட்டடத்தில் இருக்கிறான் என்பதுகூட அக்காவுக்குச் சரியாகத் தெரியாதாம். அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியானம் யார் சோறு போடுவார்கள்? பள்ளிக்கூடம்தான் எங்கே இருக்கப்போகிறது? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சார் பக்கத்து வீட்டுக்காரியிடம், நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கம்மா, உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். அவள் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"தெனமும் நெல்லுச் சோறுதாங்க சார். எழுதிக்குங்க."