நைனா திருப்பிக் கொடுத்த கூரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். ‘எங்கள் அருமைத் தந்தையார்’ என்று தொடங்கும்படி அச்சகத்தில் சொன்னார்கள். அப்படித் தொடங்கினால் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்கே குழப்பம் வந்துவிடும். நானும் அண்ணனும் பிறந்ததிலிருந்து அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறை இருக்கும் தெருவில் பாதிப் பேருக்கும் அவர் நைனாதான். ஓராண்டு நினைவிலும் அவர் நைனாவாகவே இருக்கட்டும்.

நைனா பிறந்தது நெட்டுக்குப்பத்தில். தாத்தாவும் சித்தப்பாக்களும் கடலுக்குப் போனவர்கள். நைனாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு அலை தாண்டுவதற்குள் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுப்பாராம். மீன்பிடிக்கிற வீட்டில் இப்படி ஒரு வயிறா என்று ஊரே கிண்டல் செய்திருக்கிறது. ஆனால் கரையில் நின்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தூரத்தில் புள்ளியாக வரும் படகின் மூக்கையும் முதுகையும் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடுதான் பதினாறு வயதில் தண்டையார்பேட்டைக்கு வந்து டிங்கர் பட்டறையில் சேர்ந்தார். நசுங்கிய கார்களைத் தட்டி நேராக்கும் வேலை. சுத்தியல் சத்தத்தில் நாற்பது வயதுக்குள் காது பாதி போய்விட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டில் ரகசியம் என்று எதுவும் இல்லை. நைனா கிசுகிசுப்பதே தெருமுனை வரை கேட்கும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் சுத்தியல் மட்டும் அல்ல. அந்தக் கார்கள் ஒரே பெயரில் பல உடம்புகளில் வந்தவை. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகூட இல்லாமல், மழை வந்தால் கித்தான் துணியைக் கையால் மாட்டிக்கொள்ளும் ரோட்ஸ்டர் ஒன்று. மடங்கும் மேல்மூடி வைத்த கன்வர்டிபிள் ஒன்று. இரும்புக் கூரையோடு வரும் கூபே ஒன்று. எனக்கு இது புரியாமல் ஒருமுறை கேட்டபோது நைனா சொன்னார்: “சட்டையில்லாம பொறந்தது ஒண்ணு, கழட்டிக் கழட்டி மாட்டறது ஒண்ணு, சட்டையோட பொறந்தது ஒண்ணு. அவ்ளோதாம்மா.”

திறந்த வண்டிக்குத்தான் மவுசு அதிகம். அதனால் கூபேயின் கூரையை அறுத்துவிட்டு, இது திறந்தே பிறந்தது என்று சாதிப்பவர்கள் உண்டு. நைனாவிடம் அது நடக்காது. திறந்து பிறந்த வண்டிக்குக் கதவின் அடியில் ஓடும் சட்டம் தடிமனாக இருக்கும். கூரை தாங்க வேண்டிய பாரத்தை அது தாங்க வேண்டும். அறுத்த வண்டியில் அந்த பலம் இருக்காது, நடு உடம்பு தொய்ந்துவிடும். ஆகவே நைனா முதலில் முன்சக்கரம் ஒன்றை மேடான இடத்தில் ஏற்றச் சொல்வார். பிறகு கதவைத் திறந்து மூடுவார். எங்காவது உரசினால், “அறுத்த வண்டி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வண்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, தண்டையார்பேட்டைப் பெரியவர் பார்த்தாச்சா என்றுதான் முதலில் கேட்பார்களாம். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைப்பானேன்?

எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு மேலே, நான்கு கம்பங்களில், வளைந்த ஒரு தகரக் கூரை இருந்தது. வந்து போனவர்கள் எல்லோரும் அதன் கீழே கை கழுவியிருப்பீர்கள். கடற்காற்றில் துரு ஏறாமல் இருக்க நைனா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்குச் செங்காவிப் பெயிண்ட் அடிப்பார். வூட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு இல்லை, தகரத்துக்கு மட்டும் வருடா வருடம் அலங்காரமா என்று அம்மா கேட்காத பொங்கல் இல்லை. நைனாவுக்கு அந்த நேரம் மட்டும் காது முழுவதும் கேட்காது.

நான்கு வருடங்களுக்கு முன் டாக்டர் ஐயா ஒருவர் தம் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எங்களுக்குப் பல காலமாக வேலை கொடுப்பவர். தம் நண்பர்களின் வண்டிகளையும் அனுப்பிவைப்பவர். அவரை நம்பித்தான் அண்ணன் பக்கத்து கொடவுனையும் வாடகைக்கு எடுத்து அப்போதுதான் பட்டறையைப் பெரிதாக்கியிருந்தார். டாக்டர் ஐயா புதிதாக வாங்கியிருந்த அந்த இரண்டு இருக்கை வண்டி, திறந்த உடலோடு பிறந்த சிலவற்றில் ஒன்று என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பழைய கார்க் கண்காட்சியில் அந்த வகையிலேயே வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு நைனாவின் வாய்ச்சொல் ஒன்று போதும்.

அன்று மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். யாரோ அடிச்சட்டத்தைத் தடிமனாக்கி, நன்றாகவே வேலை செய்திருந்தார்கள். மேட்டில் ஏற்றியபோது கதவு லேசாகத்தான் உரசியது. கீல் தேய்ந்திருக்கும் என்றார் அண்ணன். நைனா இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து, தெருவே கேட்கும் குரலில் சொன்னார்:

“சார், இது தொறந்து பொறந்த வண்டி இல்ல. மூடியோட பொறந்துது. நாப்பது வருசத்துக்கு முன்ன இத்த அறுத்தவன் நான்தான்.”

அவர் இளைஞராக இருந்தபோது, ஒரு படக் கம்பெனி பாட்டுக் காட்சிக்குத் திறந்த கார் கேட்டிருக்கிறது. நைனா கூரையை அறுத்தார். படகும் மேலே திறந்ததுதானே, அதற்கு பலம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறார். இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குப் பலகையிலிருந்து. அதேபோல இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் வைத்துப் பற்றவைத்துவிட்டார். அடிச்சட்டத்தைத் தொடவே இல்லை. காரை யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். நெட்டுக்குப்பத்து ஆள் ஒருவர்தான் செய்வார். ஒரே வருடத்தில் வண்டி தொய்ந்துபோனதாகக் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து இன்னொரு கூரையை அவர் அறுத்ததில்லை. அறுத்த கூரையை என்ன செய்தார் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

டாக்டர் ஐயா அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணனுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லையே, நீயாக எதற்குச் சொன்னாய் என்று கத்தினார். நைனா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தப்பா செஞ்சதும் நானு. இப்போ அத்தயே அசலுன்னு சாட்சியும் நானே சொல்லணுமா?”

ஆறு மாதம் பழைய கார் ஒன்றுகூடப் பட்டறைக்கு வரவில்லை. ஆட்டோவும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் தட்டி அண்ணன் வாடகை கட்டினார். அண்ணனும் நைனாவும் பேசிக்கொண்டது குறைவு. எனக்கும் நைனா மேல் வருத்தம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒருநாள் டாக்டர் ஐயாவே வீட்டுக்கு வந்தார். வண்டியைப் பிறந்தபடியே மூடிவிடலாம், அந்தக் கூரை எங்கே போனதென்று தெரியுமா என்று நைனாவிடம் கேட்டார். நைனா அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் மேலே கை காட்டினார். கல்லில் துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், தன் தலைக்கு மேல் வேறு கூரை வரும்வரை இது இறங்காது என்று சொல்லிவிட்டாள். மறுநாளே டாக்டர் ஐயா புதிய ஷீட் அனுப்பினார்.

அப்போதே நைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இருந்தும் வண்டியின் தொய்ந்த உடம்பை ஜாக்கி வைத்து, நாளுக்கு ஒரு நூல் அளவு என்று தூக்கி நிமிர்த்தினார்கள். கூரையைப் பற்றவைத்தது அண்ணன், தடவிப் பார்த்தது நைனா. அந்த வேலையில்தான் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். குறுக்குச் சட்டத்தை நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டார். நைனா அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்.

கண்காட்சியில் டாக்டர் ஐயா வண்டியின் முன் ஓர் அட்டை வைத்தார்: ‘மூடிய உடல். கூரை அசல்.’ பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நைனா அதைக் கவனிக்கவும் இல்லை. அண்ணன் தோளைப் பிடித்து நடந்தபடி, “அந்த செவப்பு வண்டி அறுத்ததுடா” என்று காதில் கிசுகிசுத்தார். மைதானமே திரும்பிப் பார்த்தது.

போன வருடம், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நைனா எங்களை விட்டுப் போனார். இரவும் பகலும் கூட இருந்த சித்தப்பா வீட்டாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் எல்லோருக்கும் சோறு போட்ட தெருக்காரர்களுக்கும், பட்டறைகளை மூடிவிட்டு வந்து நின்ற தொழிலாளத் தோழர்களுக்கும், நெட்டுக்குப்பத்திலிருந்து தொழிலுக்குப் போகாமல் வந்த பங்காளிகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கடைசி நன்றி டாக்டர் ஐயாவுக்கு. நைனா போன அன்று அவர் அந்த வண்டியில்தான் வந்தார். எங்கள் சந்தில் பந்தல் போட்டிருந்ததால் நிறுத்த இடமில்லை. முன்சக்கரம் ஒன்றைக் கால்வாய் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். மாலையோடு இறங்கி, பின்னால் பார்க்காமல் கதவைத் தள்ளினார். அது ஒரே சத்தத்தில் மூடிக்கொண்டது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வண்டியிடம் போனார். கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து மூடினார். திரும்பி வந்து நைனாவின் காதருகே குனிந்து, அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்:

“உரசல நைனா.”