திருப்பி அனுப்பப் பார்த்த வேலை

எம்.ஏ. முடித்ததும் படித்தவர்களுக்கு மட்டுமே வேலை கேட்டுக் கடிதம் எழுதினேன். நெசவாளரான அப்பாவுக்குத் தெரிந்தவர்களால் எனக்கு என்ன ஆகப்போகிறது என்ற கர்வம். பதில் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள், கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்காக, தறியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்.

"சேலைன்னா கடையில போய்ப் பாருங்கம்மா" என்றேன், தலை நிமிராமல். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அப்பா தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்துப் பதறினார். "அவங்க காலேஜ் பிரின்சிபால்மா. பட்டுக் கடையில பார்த்து உன்னைப் பத்திச் சொன்னேன். டியூட்டர் வேலை காலியா இருக்குதாம். உன்னைப் பார்க்கத்தான் வந்திருப்பாங்க."

"என்கிட்ட ஏன்பா சொல்லலே?"

"சொன்னா கோவிச்சுக்குவியே."

நாடாவும் கையுமாகத் தெருமுனை வரை ஓடி மன்னிப்புக் கேட்டேன். பிரின்சிபால் சிரித்தார். "அப்பா சொன்ன பொண்ணு நீதானா? நாளைக்கு சர்டிபிகேட்டோட வா."

இன்று அதே கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். வேலைக்கு வழி கேட்டு வரும் மாணவிகளிடம், "வீட்டில் அப்பா, அம்மாவிடம் சொன்னாயா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வீட்டு வாசலில் யார் குரல் கேட்டாலும் அப்பா என்னை முந்திக்கொள்கிறார்: "இரும்மா, நான் பார்க்கறேன். நீ கடைக்கு அனுப்பிடுவே."