அந்தரத்தில் நின்ற பெட்டி

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஏற்றுமதி அலுவலகம், அந்தப் பக்கம் தலைமை அலுவலகம். இன்டர்நெட் அங்கே மட்டும்தான். இரண்டு மொட்டை மாடிகளிலும் ஆன்டெனா நட்டு, கம்பியே இல்லாமல் அதை இங்கே கொண்டுவந்தவன் நான். அதை ஒருவரையும் மறக்க விட்டதில்லை.

ஒரு மதியம் நெட் செத்தது. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். எதிர் ஆன்டெனாவை மறைத்துக்கொண்டு யார்டில் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. கிரேன் ஓட்டும் தாஸ் அண்ணனிடம் போய்க் கத்தினேன்.

"எல்லாம் உங்க கம்பெனி பொட்டிதான் நைனா. பேப்பர் வந்தா கப்பலுக்கு அனுப்பிடுவேன்."

"பொட்டிய எடுத்தாதான்ணா பேப்பர மெயில்ல அனுப்ப முடியும்."

அவர் அடுக்கை அண்ணாந்து பார்த்தார். மாலைக் கப்பல் போய்விட்டால் என் வேலையும் போய்விடும். தலைமை அலுவலகத்துக்குச் சுற்றிப் போகலாமென்றால் சாலை முழுக்க டிரெய்லர் லாரிகள்.

"இன்னா பேஜாருபா இது. கீழ எறக்க எடமில்ல. மேல் பொட்டிய தூக்கிகினு நிக்கிறேன், நீ ஓடு."

ஓடினேன். முழுச் சரக்கோடு பெட்டி அந்தரத்தில் தொங்கியது. அதற்கடியில் கிடைத்த சந்தில் என் நெட் வந்தது. மெயில் ஆமையாக நகர்ந்து போய்ச் சேர்ந்ததும் மாடியேறித் துண்டை ஆட்டினேன். அவர் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இன்றும் மெயில் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அலுவலகத்தில் எல்லோரும் திட்டுவார்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. எங்கேயோ ஒருவர் எனக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்றே தோன்றும்.